கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர்

மாமாவின் ரோட்ஸ் என்ற எலெக்ட்ரிக் பியானோவை நான் முதல்முறை ரெக்கார்டு செய்தது 2019 மே மாதம், கத்திரி வெயிலில். கேட்டுவிட்டு என் மனைவி, "என்னங்க, போர்வையைப் போட்டு மூடிவெச்சு வாசிச்ச மாதிரி இருக்கு" என்றாள். அப்படித்தான் இருந்தது. கீழ் ஸ்வரங்கள் சேற்றில் அமுங்கிப்போயிருந்தன. மேல் ஸ்வரங்களில் மணியோசை இல்லை. அந்தப் பியானோ எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டு வயதில் அதன் காலடியில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு கேட்டவன் நான்.

கோளாறு மைக்கில் இருக்கும், சாஃப்ட்வேரில் இருக்கும் என்று இரண்டு வருடம் தேடினேன். பியானோவின் மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சொல்தா என்றால் புதுச்சேரியில் யாருக்கும் விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய நம் ஆட்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். மார்சேயில் இருந்தபோது ஒரு ஹோட்டல் பேண்டுக்காரரிடம் பழைய விலைக்கு வாங்கிய பியானோ இது. 1986இல் ஊர் திரும்பியபோது மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் கொண்டுவந்துவிட்டார். 73 கட்டைகள் கொண்ட ஸ்டேஜ் மாடல். ஏறக்குறைய 60 கிலோ. குருசுக்குப்பத்தில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டின் கூடத்தில் அன்றைக்கு இறக்கிவைத்தது, இன்றும் அங்கேயேதான் நிற்கிறது.

ஹரால்ட் ரோட்ஸ் என்ற அமெரிக்கர் இந்தக் கருவியின் முதல் வடிவத்தைச் செய்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். காயம்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த சிப்பாய்கள் படுக்கையிலிருந்தபடியே மடியில் வைத்து வாசிக்க, பி-17 குண்டுவீச்சு விமானங்களின் அலுமினியக் குழாய்களைக் கொண்டு சின்னப் பியானோக்கள் செய்து கொடுத்தார். 1959இல் கிடார் செய்யும் லியோ ஃபெண்டரோடு சேர்ந்தார். நாம் இன்றைக்கு ரோட்ஸ் என்று அடையாளம் காணும் சத்தம் எழுபதுகளில்தான் உலகம் முழுக்கப் பரவியது. சிப்பாய்களுக்காகப் பிறந்த கருவி ஒரு சிப்பாயின் கையோடு எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

முதல் தவறு சாதாரணமானது, ஆனால் பலரும் செய்வது. ஸ்டேஜ் மாடலுக்குள் மின்சாரமே கிடையாது. ஸ்பீக்கர் இல்லை, சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இல்லை. உள்ளே இருப்பது கம்பிச்சுருள்கள் மட்டும். கிடார் பிக்கப் மாதிரி. அதிலிருந்து வரும் சிக்னல் மெலிசானது. நான் அதை இன்டர்ஃபேஸின், அதாவது சிக்னலை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டியின், லைன் இன்புட்டில் செருகியிருந்தேன். லைன் இன்புட்டின் மின்தடை பொதுவாக 10 கிலோ ஓம் அளவில் இருக்கும், இந்த மெலிந்த சிக்னலுக்கு அது பெரிய பாரம். ஒற்றை மாட்டு வண்டியில் இரட்டை மாட்டுப் பாரம் ஏற்றின கதை. சத்தம் குறையும், மேல் அதிர்வெண்கள் முதலில் போய்விடும். அதே இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இன்புட்டின் மின்தடை 1 மெகா ஓம் பக்கம் போய்விடும், பாரம் குறைந்துவிடும். அது இல்லாதவர்கள் ஒரு ஆக்டிவ் டி.ஐ. பெட்டி வைத்துக்கொள்ளலாம், மைக் இல்லாமல் கருவியை நேரடியாக ரெக்கார்டு செய்ய உதவும் பெட்டி அது. பொத்தானை அழுத்தியதும் போர்வையில் பாதி விலகியது.

இரண்டாவது, முன்பக்கம் இருக்கும் இரண்டு குமிழ்கள். ஒன்று வால்யூம். இன்னொன்றில் பாஸ் பூஸ்ட் என்று எழுதியிருக்கும். பாஸ் ஏற்கெனவே அதிகம் என்று நினைத்து நான் அதைப் பாதியில் வைத்திருந்தேன். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. மின்சாரமே இல்லாத சர்க்யூட்டில் எதையும் கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். அந்தக் குமிழை முழுக்கத் திருப்பினால் பியானோவின் முழுச் சத்தம் அப்படியே வரும். திருப்பாமல் விட்டால் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டு வரும். ரெக்கார்டு செய்யும்போது இரண்டு குமிழும் முழுசாகத் திறந்திருக்கட்டும். கீழ்ப்பகுதி அதிகமானால் பிறகு அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் எடுத்துக்கொள்ளலாம், அங்கே எதை எவ்வளவு எடுக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இதெல்லாம் சரி செய்த பிறகும் அந்த மணி வரவில்லை. அப்போதுதான் மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "மூடியத் தொறந்து எத்தினி வருஷம் ஆவுது தெரியுமாடா? தொற பாக்கலாம்" என்றார்.

திறந்தோம்.

ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுத்தியல். சுத்தியல் போய் அடிப்பது குடைக்கம்பி போன்ற ஓர் எஃகுக் கம்பியை. அதற்கு டைன் என்று பெயர். அதோடு இணைந்து மேலே கனமான ஓர் உலோகப் பட்டை, டோன்பார். இரண்டும் சேர்ந்து ஒரு கால் மெலிந்த, ஒரு கால் தடித்த இசைக்கவை மாதிரி அதிரும். டைனின் நுனிக்கு எதிரே, தொட்டும் தொடாமலும், காந்தமும் சுருளுமாக ஒரு பிக்கப். கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடும், சுருளில் மின்சாரம் பிறக்கும். அவ்வளவுதான் மொத்தப் பியானோவும்.

ஆனால் அந்த நுனி காந்தத்துக்கு எதிரே எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பிக்கப்பின் முனை உளி மாதிரி கூர்ந்திருக்கும். டைன் அதற்கு நேர் நடுவில் நின்றால், ஒரு முறை மேலும் கீழும் போய்வருவதற்குள் முனையை இரண்டு தடவை கடக்கும். அதனால் ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் ஸ்வரம் தூக்கலாகக் கேட்கும், அடி ஸ்வரம் மெலிந்துவிடும். சற்று மேலே தூக்கி நிறுத்தினால் அடி ஸ்வரம் கொழுகொழுவென்று வரும், அதன் தலையில் மட்டும் கொஞ்சம் மணியொலி இருக்கும். ரொம்பத் தூக்கினால் மணி மொத்தமாகப் போய் வெறும் புல்லாங்குழல் மாதிரி ஆகிவிடும். டோன்பாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கால் திருகு திருப்பினால் போதும், இவ்வளவும் மாறும்.

தம்புராக்காரர்களுக்கு இது புதிதல்ல. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கடியில் பஞ்சு நூலைச் செருகி, ஒரு மயிரிழை முன்னே பின்னே நகர்த்தி ஜீவா பிடிப்பார்கள். சரியான இடம் வந்ததும் தந்திக்கு உயிர் வந்ததுபோல ரீங்காரம் கிளம்பும். அந்த இடம் எது என்பதைக் காதுதான் சொல்லும். ரோட்ஸிலும் அதே வேலைதான், 73 தடவை.

பிக்கப்புக்கும் டைனுக்கும் உள்ள இடைவெளி இன்னொரு விஷயம். பிக்கப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தி முன்னால் தள்ளினால் சத்தம் கூடும், பலமாக அடிக்கும்போது உறுமும். பின்னால் இழுத்தால் மென்மையாகும். நடுப்பகுதிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பழைய காலண்டர் அட்டையை மடித்து அந்தக் கனத்துக்கு ஓர் அளவுகோல் செய்துகொண்டேன். கீழ் ஸ்வரங்களில் கம்பி அகலமாக ஆடும், அங்கே இடைவெளி அதிகம் வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தி வாசித்தால் போய் முட்டும்.

நாங்கள் திறந்து பார்த்தபோது முப்பத்தைந்து வருட உப்புக்காற்று அங்கே உட்கார்ந்திருந்தது. கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் செயின் வரை எதையும் அது விடாது. டைன்கள் பலவற்றில் செம்பழுப்பாகத் துரு. ஸ்க்ரூக்களுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையங்கள் கல்லாகியிருந்தன. ரப்பர் இறுகிப்போனால் டோன்பாரின் அதிர்வு மரச்சட்டத்துக்குள் கசிந்துவிடும், ஸ்வரம் நீளமாக நிற்காது. சுத்தியல் நுனிகளில் டைன் பட்டுப் பட்டு வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. மூடியைத் திறக்காமல் இரண்டு வருடம் சத்தத்தை மெருகேற்றும் ப்ளக்இன் சாஃப்ட்வேர்கள் வாங்கிக்கொண்டிருந்த காசில் இவையெல்லாம் வாங்கியிருக்கலாம் என்று அன்றைக்கு உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

நாலு ஸ்வரங்கள் சுத்தமாக ஊமை. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய சாதாரண மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிக்கப்புகள் பெரும்பாலும் மூன்று மூன்றாகப் பக்க இணைப்பில் (பேரலல்) இணைக்கப்பட்டிருக்கும். ஒரு சுருள் சுமார் 180 ஓம். மூன்றும் நன்றாக இருந்தால் அந்தக் கூட்டத்தில் மீட்டர் 60 பக்கம் காட்ட வேண்டும். ஒன்று அறுந்திருந்தால் 90. முதல் ஊமை ஸ்வரத்தின் கூட்டத்தில் வைத்தேன், 91 வந்தது. ஈயத்தை இளக்கி அந்தப் பிக்கப்பை மட்டும் கழற்றிப் பார்த்தால், மயிரை விட மெலிசான கம்பி, ஈயம் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் பச்சை பூத்து அறுந்திருந்தது. லென்ஸ் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பிரித்து, நுனியின் பூச்சைப் பிளேடால் சுரண்டி, மறுபடி ஈயம் வைத்தேன். கட்டையைத் தட்டியதும் ஸ்பீக்கரில் அந்த ஸ்வரம் வந்தது. மாமா எழுந்து வந்து அதே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். நான்கில் மூன்று இப்படியே பிழைத்தன. நான்காவதற்கு வேறு பிக்கப் வாங்கிப் போட்டோம்.

ரப்பர் வளையங்களும் சுத்தியல் நுனிகளும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. சுத்தியல் நுனிகள் ஐந்து கடினத்தில் இருக்கும், கீழே மிருதுவானது, மேலே போகப்போகக் கெட்டியானது. இதை அறியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே நுனியைப் போட்டால் கீழ் ஸ்வரம் கடகடக்கும், இல்லையென்றால் மேல் ஸ்வரம் செத்துவிடும். இதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. சுதி சேர்ப்பது சுலபம்: ஒவ்வொரு டைனிலும் ஒரு குட்டி ஸ்பிரிங் செருகியிருக்கும். நுனிப்பக்கம் தள்ளினால் சுதி இறங்கும், அடிப்பக்கம் தள்ளினால் ஏறும். போனில் ட்யூனர் ஆப் போதும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா எலெக்ட்ரிக் பியானோவும் இப்படி இல்லை. ஆரோவில்லில் ஒரு நண்பர் வீட்டில் வுர்லிட்ஸர் 200ஏ இருக்கிறது, 64 கட்டை. அதில் டைன் கிடையாது, ஆர்மோனியம் மாதிரி எஃகு ரீடுகள். ரீடுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே 150 வோல்ட் போல நின்றுகொண்டிருக்கும், கைவைத்தால் சுள்ளென்று அடிக்கும். ரீடின் நுனியில் ஈயப் பொட்டு இருக்கும். அதை அரத்தால் ராவினால் சுதி ஏறும், ஈயம் சேர்த்தால் இறங்கும். அதற்கு உடம்பிலேயே ஸ்பீக்கர் உண்டு, அந்த ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்து எடுப்பதுதான் அதன் அழகு. ரோட்ஸின் வழிமுறையை அப்படியே அதற்கு எடுத்துப்போகாதீர்கள்.

பியானோ சரியானதும் ஒரு சோதனை செய்தேன், இதை யாருக்கும் சொல்வேன். ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அடியிலிருந்து மேல்வரை எல்லாக் கட்டைகளையும் ஒரே அழுத்தத்தில், மெதுவாக, ஒருமுறை. பிறகு நடுத்தரமாக ஒருமுறை, பலமாக ஒருமுறை. திரும்பக் கேட்டால் எந்த ஸ்வரம் முந்திக்கொண்டு நிற்கிறது, எது பின்வாங்குகிறது என்று பளிச்சென்று தெரியும். எனக்கு முதல் தடவை பதினோரு ஸ்வரங்கள் தேறவில்லை. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸர் போட்டு இந்தப் பதினொன்றையும் அமுக்கலாம்தான். ஆனால் அது மற்ற அறுபத்திரண்டையும் சேர்த்து அமுக்கும். ஸ்க்ரூவைத் திருப்பினால் பதினொன்று மட்டும் மாறும்.

அப்புறம் இரைச்சல். பிக்கப்புகள் திறந்த சுருள்கள், சுற்றி இருக்கும் எல்லா மின்சாரத்தையும் பிடிக்கும். நம் ஊரில் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் முனகல், அதாவது ஹம், அதன் மேல் 100, 150. எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் போட்டிருந்தால் கரகரவென்று ஒரு சத்தம் கூடவே வரும். எல்.இ.டி. பல்புகளிலும் சில அப்படித்தான். ஃபேனை நிறுத்திவிட்டு மே மாதத்தில் வாசிப்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம், வாசிப்பவர் வேர்வை கட்டையில் சொட்டும். ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது: காந்தச் சுருளுக்குக் காற்றில் வரும் சத்தம் கேட்காது. ஆடி மாதம் தெருமுனைக் கோயிலில் ஒலிபெருக்கி முழங்கினாலும் டி.ஐ. வழியாக எடுத்த பியானோவில் அது ஒரு துளியும் வராது.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தோழி பாட வந்திருந்தார், அவருடைய பாட்டி பாடிய ஒரு தாலாட்டு. குரலை எடுத்து முடித்துவிட்டுப் பியானோவுக்கு உட்கார்ந்தபோது ஹம் தாங்கமுடியவில்லை. தாலாட்டில் ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், அங்கெல்லாம் ஹம்தான் பாடியது. வடிகட்டும் சாஃப்ட்வேர் போட்டால் ஸ்வரத்தின் வால் வெட்டுப்பட்டது. ரெகுலேட்டர், பல்பு, ரூட்டர், ஃப்ரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கரண்ட் போனது. இன்வெர்ட்டர் உள்ளே வந்ததும் ஹம் இன்னும் கொடூரமானது. இன்வெர்ட்டரையும் அணைத்தேன். லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, இன்டர்ஃபேஸ் லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் வாங்குகிறது, பியானோவுக்கு மின்சாரமே வேண்டாம். ஹெட்போனைப் போட்டேன். அப்படி ஓர் அமைதி. டைனின் மணி கிளம்பி, மெல்லக் கரைந்து, கடைசித் துளிவரை கேட்டது. "வாசிங்க, வாசிங்க, கரண்ட் வந்துரும்" என்று தோழி கிசுகிசுத்தார். மாமா முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு டேக் வாசித்தார். இரண்டாவதுதான் பாட்டில் இருக்கிறது.

இப்போது கரண்ட் போக நான் காத்திருப்பதில்லை, மெயினை நானே இறக்கிவிடுகிறேன்.

டி.ஐ. மட்டும் போதுமா என்று கேட்பார்கள். மெல்லிய பாட்டுக்குப் போதும். கொஞ்சம் உடம்பு வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயர் வழியாகப் போக வேண்டும். ரோட்ஸோடு சேர்த்துப் பலரும் வைத்துக்கொண்டது ஃபெண்டர் ட்வின் ரிவர்ப். எங்களிடம் இருப்பது ஒரு சின்ன வால்வ் ஆம்ப், கடன் வாங்கியது. அதைக் கூடத்தின் மூலையில் ஒரு ஸ்டூல்மேல் வைத்து, பின்னால் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை நிமிர்த்திச் சாத்தினேன். சுண்ணாம்புச் சுவரும் செங்கல் தரையும் இருக்கும் பழைய வீடு பயங்கரமாக எதிரொலிக்கும். பஞ்சு மெத்தை அதைக் குடித்துவிடும், விலைகொடுத்து வாங்கும் நுரைப்பலகைகளை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை. மைக் ஷூர் எஸ்.எம். 57, ஸ்பீக்கர் காகிதத்தின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே, நாலு விரல் தள்ளி. நடுவுக்கு நேராக வைத்தால் மணி குத்தும்.

டி.ஐ.யும் மைக்கும் சேர்ந்தால் ஒரு சிக்கல் உண்டு. கம்பியில் வரும் சிக்னல் உடனே வந்துவிடும், காற்றில் வருவது ஓர் அடிக்கு ஏறக்குறைய 0.9 மில்லிசெகண்ட் தாமதமாகும். இரண்டையும் கலந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, சத்தம் உள்ளே பொந்து விழுந்த மாதிரி ஆகிவிடும். திரையில் இரண்டு அலைகளையும் பெரிதாக்கி, முதல் உச்சத்தை நேர்க்கோட்டில் நிறுத்துங்கள். ஒன்று மேலே போகும்போது மற்றொன்று கீழே போனால் அதன் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழை, திருப்புங்கள். பத்து நொடி வேலை.

எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் நான் செய்வது கொஞ்சம்தான். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை லேசாகக் குறைப்பேன், குரலும் மிருதங்கமும் உட்கார அங்கேதான் இடம் வேண்டும். லெவல் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போகாமல் எடுத்திருப்பேன், ஏனென்றால் பலமாக விழும் ஓர் அடி மீட்டரில் எதிர்பாராமல் குதிக்கும். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்தே வரும் சூட்கேஸ் மாடலில் இடமும் வலமும் மாறி மாறிப் போகும் அந்த ஆட்டத்தை, பெட்டியில் வைப்ரேட்டோ என்று எழுதியிருந்தாலும் அது உண்மையில் சத்தம் கூடிக்குறைவதுதான், பாட்டின் தாளத்துக்குப் பொருத்தி ப்ளக்இன்னில் சேர்ப்பேன், அதுவும் கேட்கிறதா இல்லையா என்ற அளவில்.

"இதெல்லாம் லேப்டாப்பிலேயே சாம்பிளாகக் கிடைக்குமே" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. கிடைக்கும், நன்றாகவும் இருக்கும், அவசரத்துக்கு நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அது வேறொருவர் தன் காதுக்குப் பிடித்தபடி நிறுத்தி, ஸ்வரம் ஸ்வரமாக முன்பே ரெக்கார்டு செய்துவைத்த பியானோ. இந்தத் தாலாட்டுக்கு மத்திய ஸ்தாயி கொஞ்சம் புல்லாங்குழல் பக்கம் சாயட்டும் என்று அந்த இருபது டைன்களை மட்டும் அரைத் திருகு தூக்கினேனே, அதை அங்கே செய்ய முடியாது.

துரு திரும்ப வராமலிருக்க மூடிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டிருக்கிறேன், மாதம் ஒருமுறை வாணலியில் வறுத்து ஈரம் போக்கித் திரும்ப வைப்பேன். மழைக்காலத்தில் பியானோவுக்கு அடியில் ஒரு குண்டு பல்பு எரியும், கேமராக்காரர்கள் அலமாரியில் எரியவிடுவார்களே அது மாதிரி. மேல் ஸ்தாயியில் ஒன்பது ரப்பர் வளையங்கள் இன்னும் மாற்றவேண்டியது பாக்கி. அடுத்த மாதம் தோழி இரண்டாவது பாட்டோடு வருகிறார். அது முழுக்க மேல் ஸ்தாயியில்தான் போகிறது, அதற்குள் முடிக்க வேண்டும். மாமா இப்போதே தினமும் சாயங்காலம் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.